வைஃபை பெட்டிக்கு என்ன நோய்?

ஏப்ரல் மாதத்து மாலை நேரம். ஆம்பூரில் எங்கள் தெருவில் வெயில் தணிந்து, பெண்கள் திண்ணைகளில் அமர்ந்து ஷூவின் மேற்பாகத்தைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இது தினசரிக் காட்சி. கம்பெனியிலிருந்து வெட்டிய தோல் துண்டுகள் வீடுகளுக்கு வரும். தைத்து முடித்ததும் ஜோடிக் கணக்கில் திரும்பிப் போகும். எதிர்வீட்டு அம்மாள் அன்று ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“சார், வைஃபை பெட்டி தினமும் சாயங்காலம் ஆனால் நின்று நின்று வருகிறது. பொண்ணு மாதிரித் தேர்வு எழுதும்போது பாதியிலே போய்விடுகிறது. போனில் கேட்டால், புது ஃபர்ம்வேர் போடுங்கள், இல்லாவிட்டால் வேறு பெட்டி வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கிவிடலாமா?”

மகள் பிளஸ் டூ தேர்வு முடித்து நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். புதிய பெட்டியின் விலை, அந்த அம்மாளுக்குப் பல நாள் தையல் கூலி. எனவே ‘வாங்கிவிடுங்கள்’ என்று எளிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “இரண்டு மூன்று நாள் பொறும்மா. உன் பொண்ணே இதைக் கண்டுபிடிப்பாள்” என்றேன்.

எப்படிக் கண்டுபிடித்தாள்? ஃபர்ம்வேர் என்பது என்ன? அதைப் புதுப்பிக்க வேண்டுமா, வேண்டாமா? இவற்றைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருக்கலாம்.

சங்கிலியை நடுவில் வெட்டுங்கள்

ரவுட்டர் என்பது ஒரு சந்திப்பு நிலையம். வெளியிலிருந்து வரும் செய்திகளை வாங்கி, எது எந்தத் தொலைபேசிக்கு, எது எந்தக் கணினிக்கு என்று பிரித்து அனுப்புவது அதன் வேலை. ஜோலார்பேட்டை ரயில் சந்திப்பில் வண்டிகள் பெங்களூருக்கும் சேலத்துக்கும் பிரிந்து போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலையம் ஒரு நீண்ட சங்கிலியின் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம், நிறுவனத்தின் நிலையத்திலிருந்து ஒளியிழை வழியாக வரும் ஒளித் துடிப்புகள். மறுபக்கம், ரவுட்டரிலிருந்து உங்கள் தொலைபேசிக்குச் செல்லும் ரேடியோ அலைகள். இவற்றோடு மூன்றாவதாக, சுவரிலுள்ள பிளக்கிலிருந்து அடாப்டர் வழியாக வரும் மின்சாரம். இந்த மூன்றில் எது அறுந்தாலும் வீட்டில் எழும் புகார் ஒன்றுதான்: “நெட் வரலே!”

பத்துக் கண்ணிகள் உள்ள சங்கிலியில் அறுந்த கண்ணியைத் தேட, ஒன்று இரண்டு என வரிசையாகப் போகவேண்டாம். நடுவில் சோதியுங்கள். எந்தப் பாதியில் குறை என்பது தெரிந்துவிடும். பிறகு அந்தப் பாதியின் நடுவில் சோதியுங்கள். ஒவ்வொரு சோதனையும் தேடவேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைக்கிறது.

ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற ஓர் எண் இருக்கும். இது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. தொலைபேசியை வைஃபையில் இணைத்து, இணையம் பார்க்கும் செயலியில் இந்த எண்ணை அடித்துப் பாருங்கள். ரவுட்டரின் உள் பக்கம் திறந்தால், உங்களுக்கும் ரவுட்டருக்கும் இடையே குறை இல்லை, வெளியே தேடுங்கள். திறக்காவிட்டால் குறை வீட்டுக்குள் இருக்கிறது. இந்த ஒரு சோதனைக்குப் பைசா செலவில்லை. ஆனால் பாதிப் பிரச்சினையை அது விலக்கிவிடுகிறது.

வெளிப்பக்கக் குறைகள்

ஒளியிழையின் உள்ளே ஒளி முழு அகப் பிரதிபலிப்பினால் பயணம் செய்கிறது என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இழையை மிகவும் மடக்கினால், ஒளி சுவரில் மோதும் கோணம் மாறுநிலைக் கோணத்தைவிடக் குறைந்து, வெளியே கசிந்துவிடும். எனவே அந்த மெல்லிய கம்பியைக் கதவிடுக்கில் நசுக்குவதும், ஆணியில் முறுக்கி மாட்டுவதும் கூடாது. ஒளி வரவில்லை என்றால் இழை முடியும் பெட்டியில் சிவப்பு விளக்கு சிமிட்டும். அப்போது நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டியதுதான். இழையைக் கழற்றி அதன் முனையைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். அதில் வருவது அகச்சிவப்பு லேசர் ஒளி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு நல்லதல்ல.

எதிர்வீட்டில் அந்தச் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஆகவே வெளிப்பக்கம் குற்றமற்றது.

உள்பக்கக் குறைகள்

வைஃபை அலைகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய அதிர்வெண்களை ஒட்டி அனுப்பப்படுகின்றன. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அது 12.5 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில் பாதிக்குச் சற்று மேல். 5 கிகாஹெர்ட்ஸுக்கு 6 சென்டிமீட்டர். இரும்பு பீரோ, தகரக் கதவு, கண்ணாடியின் பின்னுள்ள உலோகப் பூச்சு ஆகியவை இந்த அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர்த் தொட்டி அவற்றை விழுங்கிவிடும். திறந்த வெளியில் தூரம் 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் ஆனால் அலையின் செறிவு 16-ல் ஒரு பங்காகும். எனவே ரவுட்டரைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு நிறுவனத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை.

ஆனால் எதிர்வீட்டுப் பிரச்சினை இதுவும் அல்ல. ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் இணைப்பு அறுந்தது.

பெட்டியே சொன்ன துப்பு

இணைப்பு அறுந்து மீண்டும் வந்தவுடன் அந்தப் பெண்ணை ரவுட்டரின் உள் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். பெட்டி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற விவரம் அங்கே இருக்கும். காலையிலிருந்து யாரும் சுவிட்சைத் தொடவில்லை. ஆனால் பெட்டியோ ‘3 நிமிடம்’ என்றது!

இதன் பொருள் என்ன? இணைப்பு அறுபடவில்லை. பெட்டி தானாகவே அணைந்து மறுபடி தொடங்கியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய்கள். காய்ச்சல் மலேரியாவா, டைஃபாய்டா என்று பார்க்காமல் மருந்து கொடுக்கலாமா?

பெட்டி தானாக மறுதொடக்கம் ஆவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, உள்ளே வெப்பம் மிகுதல். இரண்டு, மின்னழுத்தம் குறைதல். மூன்று, ஃபர்ம்வேரில் பிழை. தொலைபேசியில் பேசியவர் மூன்றாவதைச் சொன்னார். சொன்னது தவறு என்று நாம் முடிவு கட்டக்கூடாது. சரி என்றும் முடிவு கட்டக்கூடாது. சோதனைதான் நீதிபதி.

நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், செய்த மாற்றம், நடந்தது என்று நான்கு பத்திகள் போட்டாள். விதி ஒன்றே ஒன்று: ஒரு சோதனையில் ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றிக் குறை நீங்கினால், எதனால் நீங்கியது என்பது கடைசிவரை தெரியாது.

முதல் நாள் வெப்பத்தைச் சோதித்தாள். பெட்டி பரணில், கான்கிரீட் கூரைக்கு அடியில் இருந்தது. வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துக் கோடையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்த கூரை, மாலையில் அதை வீட்டுக்குள் விடுகிறது. அதனால்தான் சூரியன் மறைந்த பின்னும் மாடி வீடு கொதிக்கிறது. பெட்டியைக் கீழே இறக்கி மேஜை விசிறியின் முன்னால் வைத்தாள். அடாப்டர் இருந்த இடத்திலேயே, ஒரு நீட்டிப்புக் கம்பியோடு இருந்தது. அன்று மாலையும் இரண்டு முறை மறுதொடக்கம் ஆயிற்று.

இரண்டாம் நாள் சுமையைச் சோதித்தாள். எல்லாத் தொலைபேசிகளையும் விலக்கி, ஒன்றை மட்டும் இணைத்தாள். மாலை முழுதும் பெட்டி அமைதியாக ஓடியது. அதிகமான கருவிகள் இணைந்து தகவல் கேட்கும்போது ரவுட்டர் அதிகமாக ஒலிபரப்புகிறது. அப்போது அதிக மின்னோட்டம் வேண்டும். ஆகவே சந்தேகம் மின்சாரத்தின் மேல் விழுந்தது. ஆனாலும், அதிக வேலை வரும்போது ஃபர்ம்வேரின் பிழையும் வெளிப்படலாம் அல்லவா?

மூன்றாம் நாள், என் வீட்டிலிருந்த அதே அளவுள்ள ஓர் அடாப்டரை மாட்டினாள். எல்லாத் தொலைபேசிகளும் இணைந்தன. ஒருமுறைகூட மறுதொடக்கம் இல்லை!

“கண்டுபிடித்துவிட்டேன் சார்!” என்று ஓடிவந்தாள். “இன்னும் ஒன்று பாக்கி. நாளைக்குப் பழைய அடாப்டரை மறுபடி மாட்டு” என்றேன். மாட்டினாள். குறை திரும்பி வந்தது. இப்போதுதான் வழக்கு முடிந்தது. காரணத்தை நீக்கினால் விளைவு நீங்கவேண்டும். காரணத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் விளைவும் திரும்பவேண்டும். பலர் இந்த இரண்டாவது படியைச் செய்வதில்லை.

அடாப்டர் ஏன் மூப்படைகிறது?

அடாப்டரின் வேலை 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றுவது. வெளிவரும் மின்னோட்டத்தில் ஏற்ற இறக்கங்கள் இருக்கும். அவற்றைச் சமன் செய்ய ஒரு மின்தேக்கி இருக்கிறது. வீட்டின் மேல்தொட்டி போல, மிகும்போது நிரப்பிக்கொண்டு, குறையும்போது கொடுக்கும்.

இந்த மின்தேக்கியினுள் ஒரு மின்பகு திரவம் உண்டு. வெப்பத்தில் அது மெல்ல மெல்ல உலர்கிறது. உலர உலர மின்தேக்கியின் கொள்ளளவு குறைகிறது. அதன் உள் மின்தடை கூடுகிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராய விதி.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட ஒரு மின்தேக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அடாப்டரின் உள்வெப்பம் 65 டிகிரி எனில், வித்தியாசம் 40 டிகிரி. நான்கு முறை இரட்டிப்பு. 2,000 பெருக்கல் 16, அதாவது 32,000 மணி. இரவு பகலாக ஓடினால் மூன்றரை ஆண்டுக்குச் சற்று அதிகம். அதே அடாப்டர் பரணின் சூட்டில் 75 டிகிரியில் ஓடினால் 16,000 மணிதான். இரண்டு ஆண்டுகூட இல்லை! பரணிலிருந்து கீழே இறக்குவதே ஒரு மருந்து என்பது புரிகிறதா?

பழைய அடாப்டரைக் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றேன். சுமையில்லாமல் மல்டிமீட்டரில் சரியாக 12 வோல்ட் காட்டியது. 12 ஓம் மின்தடை ஒன்றை இணைத்து 1 ஆம்பியர் இழுக்கச் செய்தபோது மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. அலைகாட்டியின் திரையில் நேர்கோடாக இருக்கவேண்டியது ரம்பப் பல்லாகத் தெரிந்தது. இதனால்தான் ‘மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறதே, அடாப்டர் நல்லதுதான்’ என்று ஏமாந்துபோகிறோம். சுமை ஏற்றாமல் மாட்டின் பலம் தெரியாது.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சங்கதி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஊர்களில் தோல் பதனிடுவோர், மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடைப் பயன்படுத்துகிறார்கள். அது அமிலத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும்; அழுகிய முட்டை நாற்றமுள்ளது. இந்த வாயு வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும். கறுத்த படலம் மின்சாரத்தை நன்கு கடத்தாது. பிளக்கின் முனையிலோ, ரவுட்டரில் செருகும் முனையிலோ இப்படிப் படிந்து 1 ஓம் மின்தடை உண்டானால், 1 ஆம்பியர் ஓடும்போது ஓம் விதிப்படி 1 வோல்ட் அங்கேயே போய்விடும். ஆகவே ஆலைகளுக்கு அருகில் வசிப்பவர்கள், சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிய பின், முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பார்ப்பது நல்லது.

அடாப்டரை மாற்றும்போது மூன்றைக் கவனியுங்கள். வோல்ட் சமமாக இருக்கவேண்டும். ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். ரவுட்டர் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். செருகும் முனையின் நேர், எதிர்த் துருவங்கள் பொருந்தவேண்டும். அடாப்டரைத் திறந்து பார்க்காதீர்கள். அதன் உள்ளே 325 வோல்ட் வரை தேங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் நிற்கும்.

ஃபர்ம்வேர் என்பது என்ன?

நோய் தெரிந்துவிட்டது. ஃபர்ம்வேர் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதற்குத்தான் வருகிறேன்.

ரவுட்டரும் ஒரு சிறு கணினிதான். அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கட்டளைத் தொகுதியே ஃபர்ம்வேர். தமிழில் ‘நிலைபொருள்’ என்பர். மின்சாரம் போனாலும் அழியாதபடி இது ஃப்ளாஷ் நினைவகம் என்னும் சில்லில் எழுதப்பட்டிருக்கிறது.

ஃப்ளாஷ் நினைவகத்தை ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984-ல் அறிமுகம் செய்தார். அதன் ஒவ்வொரு சிற்றறையிலும், நாலாபுறமும் மின்கடத்தாப் பொருள் சூழ்ந்த ஒரு குட்டித் தீவு உண்டு. அதிக மின்னழுத்தம் கொடுத்து எலெக்ட்ரான்களை அந்தத் தீவுக்குள் தள்ளிவிட்டால், அவை வெளியேற வழியின்றிப் பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். எலெக்ட்ரான்கள் இருக்கும் தீவு 0, இல்லாத தீவு 1 என்று கொள்ளலாம். இப்படிக் கோடிக்கணக்கான தீவுகளில் கட்டளைகள் பதிவாகியுள்ளன.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஃப்ளாஷில் ஒரே ஓர் எழுத்தை மட்டும் அழித்துத் திருத்த முடியாது. ஒரு பெரிய பகுதி முழுவதையும் ஒரே மூச்சில் அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுதவேண்டும். கேமராவின் ஃப்ளாஷ் வெளிச்சம் போல ஒரே கணத்தில் அழிவதால்தான் அதற்கு இந்தப் பெயரே வந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பழைய கட்டளைகளை அழித்தாயிற்று. புதியவை பாதிதான் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கணத்தில் மின்சாரம் போகிறது. மறுபடி மின்சாரம் வந்ததும் ரவுட்டர் எதைப் படிக்கும்? தொடக்கக் கட்டளைகளே பாழாகியிருந்தால் அது விழிக்காது. வெறும் செங்கல்லாகிவிடும். சில ரவுட்டர்களில் இரண்டு பிரதிகளுக்கு இடம் உண்டு. புதியது கெட்டால் பழையதை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். எல்லாவற்றிலும் அந்த வசதி இல்லை.

எதிர்வீட்டுப் பெட்டிக்கு, சுமை ஏறினால் மயக்கம் போடும் அந்த அடாப்டரோடு ஃபர்ம்வேர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எழுதிக்கொண்டிருக்கும்போதே பெட்டி மறுதொடக்கம் ஆகியிருக்கலாம். அடாப்டர் மட்டும் கெட்டிருந்த இடத்தில் ரவுட்டரும் கெட்டிருக்கும். நோயைக் கண்டுபிடிக்கும் முன் மருந்து கொடுப்பதன் ஆபத்து இதுதான்.

அப்படியானால் புதுப்பிக்கவே வேண்டாமா?

இல்லை. இங்கே நாம் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும்.

2016-ல் ‘மிராய்’ என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியது. மிராய் என்றால் ஜப்பானிய மொழியில் ‘எதிர்காலம்’. அதன் தந்திரம் மிக எளிது. தொழிற்சாலையில் வைத்துவிட்ட பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் சுமார் 60 அதனிடம் இருந்தன. வீதியில் ஒவ்வொரு வீட்டுப் பூட்டிலும் அந்தச் சாவிகளைப் போட்டுப் பார்த்தது. திறந்த ரவுட்டர்களையும் கேமராக்களையும் தன் படையில் சேர்த்துக்கொண்டது. 2016 அக்டோபர் 21 அன்று அந்தப் படை ‘டைன்’ என்னும் அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியதில், பல பெரிய இணையத்தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. நவம்பரில் மிராயின் ஒரு வகை பரவ முயன்றபோது ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வீட்டு இணைப்புகள் தடுமாறின.

நம் நாட்டிலும் நடந்தது. 2017 ஜூலை இறுதியில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடங்கள், குறிப்பாகக் கர்நாடகத்தில், ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. சுமார் 60,000 மோடங்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. ‘பிரிக்கர்பாட்’ என்னும் நிரலின் வேலை அது என்று கண்டறியப்பட்டது. பெயரைப் பாருங்கள்: செங்கல்லாக்கும் எந்திரம்! அது கருவியின் நினைவகத்தில் குப்பையை எழுதிச் செயலிழக்கச் செய்தது. அந்த மோடங்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும், தொழிற்சாலையில் வைத்த ‘அட்மின்’ என்ற ஒரே சொல்லாக, மாற்றப்படாமல் இருந்தன. கடவுச்சொல்லை மாற்றுமாறு நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

மிராய்க்கும் பிரிக்கர்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். மிராய், மின்சாரம் போனால் அழியும் தற்காலிக நினைவகத்தில்தான் குடியிருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டால் அது ஓடிவிடும். ஆனால் பூட்டை மாற்றாவிட்டால் விரைவிலேயே திரும்பி வந்துவிடும். பிரிக்கர்பாட்டோ நிலையான நினைவகத்தையே பாழாக்கியது. ‘அணைத்துப் போடு’ என்னும் வீட்டு வைத்தியம் சில நோய்களுக்குக் கேட்கும், சிலவற்றுக்குக் கேட்காது என்பதன் இரகசியம் இதுவே.

கடவுச்சொல் மட்டும் போதுமா? போதாது. ஃபர்ம்வேரிலேயே ஓட்டை இருந்தால் பூட்டு வலுவாக இருந்தும் பயனில்லை. 2017 அக்டோபரில் பெல்ஜிய ஆராய்ச்சியாளர் மேத்தி வான்ஹோஃப், வைஃபை செய்திகளை மறைக்கும் முறையிலேயே ஒரு குறையை வெளிப்படுத்தினார். அதைக் கடவுச்சொல் மாற்றிச் சரிசெய்ய முடியாது; கருவிகளின் நிரலைத்தான் திருத்தவேண்டியிருந்தது. ஆகவே புதுப்பித்தல் என்பது அம்மை ஊசி போல. காய்ச்சலில் கிடப்பவருக்கு அவசரமாகப் போடுவதல்ல. உடம்பு நன்றாக இருக்கும் நாளில், முறைப்படி போட்டுக்கொள்வது.

முடிவு எடுப்பது எப்படி?

முதலில், பெட்டி யாருடையது என்று பாருங்கள். இணைப்பு நிறுவனம் கொடுத்த பெட்டியானால், பெரும்பாலும் அவர்களே தொலைவிலிருந்து புதுப்பிப்பார்கள். நீங்கள் கை வைக்கவேண்டாம். கடையில் வாங்கியதானால் முடிவு உங்களுடையது.

அடுத்து, புதிய பதிப்போடு தயாரிப்பாளர் வெளியிடும் குறிப்பைப் படியுங்கள். பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டது என்றிருந்தால் புதுப்பிக்கவேண்டும். உங்கள் பெட்டியின் குறையே அதில் சொல்லப்பட்டிருந்தாலும் புதுப்பிக்கலாம். உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ வசதி மட்டும் சேர்க்கப்பட்டிருந்தால் அவசரமில்லை.

மூன்றாவதாக, பெட்டியின் அடியிலுள்ள மாதிரிப் பெயரோடு, வன்பொருளின் பதிப்பு எண்ணையும் ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் வந்த இரண்டு பெட்டிகளின் உள்ளே வெவ்வேறு சில்லுகள் இருக்கலாம். ஒன்றின் ஃபர்ம்வேர் மற்றதற்குப் பொருந்தாது. கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

எடுத்த கோப்பு வழியில் சிதையவில்லை என்று எப்படி அறிவது? ஆம்பூரின் அஞ்சல் எண் 635802. இலக்கங்களைக் கூட்டினால் 24. எண்ணோடு 24-ஐயும் சேர்த்து அனுப்புகிறேன். வழியில் 8 என்பது 9 ஆனால் கூட்டல் 25 ஆகிவிடும்; பிழை பிடிபடும். ஆனால் 638502 என்று இடம் மாறினால்? கூட்டல் அதே 24, ஏமாந்துவிடுவோம். எனவே முதல் இலக்கத்தை 1-ஆல், இரண்டாவதை 2-ஆல் என்று இடத்தால் பெருக்கிக் கூட்டுவோம். 635802-க்கு 71 வரும். 638502-க்கு 68 வரும். பிழை பிடிபட்டுவிட்டது! ஃபர்ம்வேர் கோப்புகளுக்கும் இதைவிடப் பன்மடங்கு நுட்பமான சரிபார்ப்பு எண்கள் உண்டு. நல்ல ரவுட்டர்கள் எழுதத் தொடங்கும் முன்பே இதைச் சோதித்து, பொருந்தாததை மறுத்துவிடும்.

நான்காவதாக, நாளைத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் தேர்வு இருக்கும்போதோ, இடி மின்னல் மழையிலோ வேண்டாம். பழைய அமைப்புகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கணினியைக் கம்பியால் ரவுட்டரோடு இணையுங்கள். இன்வெர்ட்டரோ, ரவுட்டருக்கென்று விற்கும் சிறு யு.பி.எஸ்.ஸோ இருந்தால் அதில் மாட்டுங்கள். தொடங்கிய பின், முடியும்வரை சுவிட்சின் பக்கம் யாரும் போகக்கூடாது.

தயாரிப்பாளரே கைவிட்டுவிட்ட, இனிப் புதிய பதிப்பு வராத மிகப் பழைய பெட்டியானால்? அப்போதுதான் புதிது வாங்குவது நியாயமான செலவு.

எதிர்வீட்டில் என்ன நடந்தது?

புதிய அடாப்டர் ஒன்று வாங்கினார்கள். ரவுட்டரின் விலையோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. பெட்டி பரணிலிருந்து கூடத்து அலமாரிக்கு இறங்கியது. ஒரு வாரம் குறையின்றி ஓடிய பிறகு, அந்தப் பெண் தயாரிப்பாளரின் குறிப்பைப் படித்தாள். பாதுகாப்பு ஓட்டை ஒன்று அடைக்கப்பட்டதாக அதில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் வீட்டுச் சிறு யு.பி.எஸ்.ஸை இரவல் வாங்கி மாட்டி, ஃபர்ம்வேரைப் புதுப்பித்தாள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கூடவே, ரவுட்டரின் உள் பக்கத்துக்குப் போட்டிருந்த பழைய கடவுச்சொல்லையும் மாற்றினாள்.

ஆக, தொலைபேசியில் சொன்ன அதே காரியம்தான் கடைசியில் நடந்தது. ஆனால் சரியான காரணத்துக்காக, சரியான நாளில், சரியான மின்சாரத்தோடு நடந்தது. மாலையில் வழக்கம்போல் அம்மாள் திண்ணையில் தைத்துக்கொண்டிருந்தார். உள்ளே மகள் மூன்று மணி நேர மாதிரித் தேர்வைத் தடையில்லாமல் முடித்தாள்.

அவள் நோட்டுப் புத்தகத்தின் நான்கு பத்திகளை நான் இப்போது கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் காட்டுகிறேன். விலை உயர்ந்த கருவி ஒன்றும் அதில் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதைக் குறித்து வைத்தல், பழைய நிலைக்குத் திரும்பிச் சரிபார்த்தல், இவ்வளவுதான்.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டில் ரவுட்டர் இருந்தால், அடியிலுள்ள சீட்டிலிருந்து மாதிரிப் பெயர், வன்பொருள் பதிப்பு ஆகியவற்றையும், அடாப்டரின் வோல்ட், ஆம்பியர் அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று தினமும் மாலை ஒரே நேரத்தில் ஒரு வாரம் எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் சரியாக 24 மணி நேரம் கூடுகிறதா? கூடவில்லை என்றால் அன்று என்ன நடந்தது? வீட்டில் மின்சாரம் போயிற்றா, யாராவது அணைத்தார்களா, அல்லது பெட்டி தானாகவே மயங்கியதா?

இன்னொரு கேள்வி: இடத்தால் பெருக்கிக் கூட்டும் முறையில் 635802-க்கு 71 கிடைத்தது. இதே 71 வரக்கூடிய வேறு ஓர் ஆறிலக்க எண்ணை உங்களால் கண்டுபிடிக்க முடியுமா? கண்டுபிடித்துவிட்டால், ஃபர்ம்வேருக்கு ஏன் இதைவிடக் கடினமான சரிபார்ப்பு வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.